ஆரஞ்சு எண்ணெய்ப் பால்மம்: சூடான் கோந்துக்குக் கருவேலம் பிசின் ஈடாகுமா?

கேள்வி: உணவுநுட்ப மாணவி

அனைவருக்கும் வணக்கம். உணவுத் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். ஆரஞ்சுத் தோல் எண்ணெயைத் தண்ணீரில் நுண்துளிகளாகப் பிரித்து நிறுத்தும் பால்மத்தைத் தயாரித்து, அது குளிர்பானத்தில் எவ்வளவு காலம் பிரியாமல் நிற்கிறது என்று அளப்பதே என் ஆய்வேட்டின் பொருள். பால்மமாக்கியாக அரபிக் கோந்தைப் பயன்படுத்துகிறேன். என்னிடம் இரண்டு மாதிரிகள் உள்ளன. ஒன்று, உணவுச் சேர்பொருள் விற்பனையாளரிடம் வாங்கிய வெளிர்நிறத் தூள். அதன் உறையில் சூடானில் விளைந்தது என்றும் ஈ 414 (அரபிக் கோந்துக்கான உணவுச் சேர்பொருள் குறியெண்) என்றும் குறித்திருக்கிறார்கள். மற்றொன்று, நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் என்று கேட்டு வாங்கிய பழுப்புக் கட்டிகளைப் பொடித்துச் சலித்தது.

இரண்டையும் ஒரே செறிவில் கரைத்து, ஒரே அழுத்தத்தில் எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கும் ஒரே ஹோமோஜினைசர் கருவியில் செலுத்தினேன். முதல் மாதிரியில் பால்மம் நன்றாக நிற்கிறது. இரண்டாவதில் துளிகள் விரைவில் ஒன்றுசேர்ந்து, புட்டியின் கழுத்தில் எண்ணெய் வளையம் தோன்றிவிடுகிறது. இரண்டும் வேல இனத்தைச் சேர்ந்த மரங்களின் பிசின்தானே, தூய்மைக் குறைவுதான் காரணமாக இருக்கும் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை.

சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன, நீரில் இவ்வளவு எளிதாகக் கரையும் ஒரு பொருள் எண்ணெயை எதைக் கொண்டு பிடிக்கிறது? இந்த இரு பிசின்களும் வேதியியல்படி ஒன்றா? மேலும், தேடும்போது சிறுநீரக நோய், குடல் நலம் பற்றிய ஆய்வுகளும் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை என் ஆய்வேட்டின் முன்னுரையில் சேர்ப்பது முறையாகுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1: கூட்டுச்சர்க்கரை வேதியியல்

நல்ல கேள்வி. தூய்மைக் குறைவு என்ற விளக்கத்தோடு நின்றுவிடாமல் கேட்டதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

உலகச் சந்தையில் அரபிக் கோந்து என்று விற்கப்படுவது பெரும்பாலும் அக்கேசியா செனகல் என்ற மரத்தின் பிசின். அதன் எடையில் மிகப் பெரும்பகுதி காலக்டோஸ், அரபினோஸ், ராம்னோஸ், குளுக்குரோனிக் அமிலம் ஆகியவற்றால் ஆன, கிளைகள் மிகுந்த கூட்டுச்சர்க்கரை. அந்த அமிலத்தோடு கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை உப்பாகச் சேர்ந்திருக்கும். காலக்டோஸ் சங்கிலி நடுத்தண்டாக நிற்க, மற்றவை அதன் கிளைகளிலும் நுனிகளிலும் அமைந்திருக்கின்றன. கிளைகள் இப்படி நெருங்கியிருப்பதால் மூலக்கூறு நீரில் நீண்டு விரியாமல் கச்சிதமாகச் சுருண்டிருக்கிறது. அதனால்தான் மற்ற பிசின்கள் இரண்டு மூன்று சதவீதத்திலேயே கூழாகிவிடும்போது, இதை 30 சதவீதத்துக்கு மேல் கரைத்தாலும் ஊற்றக்கூடிய நீர்மமாகவே இருக்கிறது. பால்மம் செய்பவருக்கு இந்தக் குறைந்த பாகுத்தன்மை பெரிய வசதி. ஆனால் எண்ணெயைப் பிடிப்பது இந்தச் சர்க்கரைப் பகுதி அன்று.

பிசினில் ஏறக்குறைய 2 சதவீதம் புரதம் இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டி. எம். டபிள்யூ. ஆண்டர்சன் 1960களிலிருந்து பல அக்கேசியா இனங்களின் பிசின்களை ஒவ்வொன்றாகப் பகுத்தாய்ந்தபோது, புரதத்தின் அடையாளமான நைட்ரஜன் எல்லாவற்றிலும் தொடர்ந்து காணப்பட்டது. அது வெறும் மாசு என்று ஒதுக்கப்படாமல் மூலக்கூறின் உறுப்பு என்று உறுதிப்பட்டது பிற்பாடுதான். 1980களின் இறுதியில் வேல்சில் இருந்த கிளின் பிலிப்ஸ், பீட்டர் வில்லியம்ஸ் ஆகியோரின் குழு பிசினை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டியது. எடையில் சுமார் 90 சதவீதம், புரதம் மிகக் குறைந்த அரபினோகாலக்டன், அதாவது காலக்டோஸும் அரபினோஸும் சேர்ந்த கூட்டுச்சர்க்கரை. சுமார் 10 சதவீதம், அரபினோகாலக்டனும் புரதமும் இணைந்த பெரிய கூட்டு. இதன் மூலக்கூறு எடை பத்து இலட்சத்தைத் தாண்டும். மீதமுள்ள ஏறத்தாழ 1 சதவீதம், புரதம் மிகுந்த கிளைக்கோபுரதம் (சர்க்கரை இணைந்த புரதம்).

உங்கள் கேள்விக்கு விடை அந்த இரண்டாவது பகுதியில், 10 சதவீதக் கூட்டில், இருக்கிறது. அதில் ஒரு புரதச் சங்கிலியின்மேல், ஒவ்வொன்றும் சுமார் இரண்டரை இலட்சம் மூலக்கூறு எடையுள்ள சர்க்கரைத் திரள்கள் ஆங்காங்கே பிணைந்திருக்கின்றன. உருண்டை உருண்டையாகப் பூக்கும் வேலம்பூக் கொத்தைப் போன்ற தோற்றம் என்பதால், ஆய்வாளர்களே இதற்கு வேலம்பூ மாதிரி என்று பெயரிட்டார்கள். எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதச் சங்கிலியின் நீர்வெறுக்கும் இடங்கள் எண்ணெயில் படிகின்றன. சர்க்கரைத் திரள்கள் நீர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு துளிகள் நெருங்கும்போது இந்தத் திரள்கள் ஒன்றையொன்று இடித்து விலக்குவதால் துளிகள் இணைவதில்லை.

இதை உறுதிசெய்த சோதனை எளிமையானது, அழகானது. புரதத்தை அறுக்கும் நொதியைச் சேர்த்தால் பத்து இலட்சத்தைத் தாண்டிய அந்தப் பெரிய கூட்டு சுமார் இரண்டரை இலட்சம் எடையுள்ள துண்டுகளாகச் சிதறுகிறது. சர்க்கரை முழுவதும் அப்படியே இருக்கிறது. பால்மமாக்கும் திறன் மட்டும் போய்விடுகிறது. வேலம்பூ மாதிரியே முடிந்த முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மின்னணு நுண்ணோக்கியில் அந்தக் கூட்டு சுமார் 150 நானோமீட்டர் நீளமுள்ள கோல்போலத் தெரிந்தது என்றும், ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதத்தைச் சுற்றிச் சிறிய சர்க்கரைக் கிளைகள் மயிர்போல் முளைத்த முறுக்குக் கயிறே அதன் வடிவம் என்றும் 1991-இல் வேறொரு குழு வாதிட்டது. எந்த வடிவமானாலும், புரதமே எண்ணெயைப் பற்றுகிறது என்பதில் இரு தரப்பும் வேறுபடவில்லை.

இதிலிருந்து உங்கள் ஆய்வுக்குப் பயன்படும் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, பற்றும் பகுதி இவ்வளவு சிறியது என்பதால்தான், எண்ணெயின் எடைக்கு ஏறக்குறைய சமமான அளவு கோந்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது. சேர்த்த கோந்தில் மிகச் சிறு பங்கே துளியின் பரப்பில் படிகிறது. இரண்டாவது, கரைசலை எப்படிச் சூடாக்கினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். கரைந்த நிலையில் நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் புரதப் பகுதி வீழ்படிவாகிப் பால்மமாக்கும் திறன் குறைகிறது. ஆனால் திடநிலையில், கட்டுப்படுத்திய ஈரப்பதத்தில் சூடாக்கிப் பதப்படுத்தினால் புரதக் கூட்டின் அளவு கூடி, திறன் உயர்கிறது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று பிலிப்ஸ் குழுவோடு சேர்ந்து இந்த முறையை உருவாக்கி விற்பனைக்கே கொண்டுவந்தது. ஒரே வெப்பம், நீர் இருப்பதையும் இல்லாததையும் பொறுத்து நேரெதிர் விளைவைத் தருகிறது.


பதில் 2: நறுமண ஆய்வுக்கூடம்

பானங்களுக்கான நறுமணப் பால்மங்களின் தரக்கட்டுப்பாட்டில் பணியாற்றுகிறேன். மேலே ஐயா எழுதிய வேதியியலுக்குப் பிறகு, மாதிரியின் அடையாளத்தைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் உங்கள் இரண்டாம் கேள்விக்கு அங்கேதான் விடை உள்ளது.

சூடானில் இரண்டு மரங்களிலிருந்து கோந்து எடுக்கிறார்கள். அக்கேசியா செனகலின் கோந்து ஹஷாப். அக்கேசியா சேயாலின் கோந்து தல்ஹா. ஹஷாப் விலை அதிகம், பால்மத்துக்கு உகந்தது. தல்ஹா எளிதில் உடையும், நிறம் சற்றுக் கூடுதல், புரதம் குறைவு. மிட்டாய் மேற்பூச்சு போன்ற பணிகளுக்கு அது போதும். இவ்விரண்டையும் பொடித்துவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆனால் தளமுனைவுற்ற ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை) ஹஷாப் கரைசல் இடப்பக்கம் திருப்பும்; அதன் ஒளிச்சுழற்சி எண் −26 முதல் −34 வரை. தல்ஹாவோ வலப்பக்கம் திருப்பும், +40க்கு மேல். நைட்ரஜன் ஹஷாபில் சுமார் 0.3 சதவீதம், தல்ஹாவில் ஏறக்குறைய அதில் பாதி.

உணவுச் சேர்பொருள்களுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு 1990-இல் வகுத்த தர வரையறை இந்த எண்களைக் கொண்டு ஹஷாபை மட்டுமே ஏற்றது. பின்னர், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், சேயாலும் வரையறைக்குள் வந்தது. பாதுகாப்பு என்ற நோக்கில் அதில் குறையில்லை என்றாலும், ஈ 414 என்ற குறியை மட்டும் பார்த்து உள்ளே இருப்பது ஹஷாபா தல்ஹாவா என்று சொல்ல முடியாத நிலை அதனால் ஏற்பட்டுவிட்டது. ஆய்வுக்கு வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊர்க் கருவேலம் அக்கேசியா நிலோடிகா. தாவரவியல் பிரிவில் அது சேயாலோடுதான் சேர்கிறது, செனகலோடு அன்று. இப்போதைய வகைப்பாட்டில் செனகல் மரம் செனகாலியா என்ற பேரினத்துக்கும், சேயாலும் கருவேலமும் வாக்கெலியா என்ற பேரினத்துக்கும் போய்விட்டன. கருவேலம் பிசின் ஒளியை வலப்பக்கம் வலுவாகத் திருப்பும். அதன் நைட்ரஜன் அளவு ஹஷாபில் உள்ளதைவிட மிகக் குறைவு. ஆகவே உங்கள் இரண்டாவது புட்டியில் வளையம் தோன்றியதற்குத் தூசியையும் மரப்பட்டைத் துணுக்குகளையும் குறை சொல்வதற்கு முன்னால், எண்ணெயைப் பற்றும் புரதக் கூட்டு அதில் போதுமான அளவு இருந்ததா என்று பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் கொடுத்தது கருவேலம் பிசின்தானா, அல்லது வேறு பிசின் கலந்ததா என்பதும் தனிக் கேள்வி. நீரில் முழுதாகக் கரையாமல் உப்பி நின்ற பகுதி ஏதேனும் இருந்தால், அது பாதாம் பிசின் போன்ற வேறொன்றாக இருக்க வாய்ப்புண்டு.

உங்கள் கல்லூரியில் ஒளிச்சுழற்சியை அளக்கும் போலாரிமீட்டரும் நைட்ரஜனை அளக்கும் கெல்டால் கருவியும் இருக்குமானால் ஒரே நாளில் இரண்டு மாதிரிகளையும் சோதித்துவிடலாம். நைட்ரஜன் அளவைப் புரதமாக மாற்றும்போது வழக்கமான 6.25-ஆல் பெருக்காமல், இந்தக் கோந்துக்கென்று கணக்கிடப்பட்ட 6.6-ஐப் பயன்படுத்துங்கள். கரைசலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அயோடின் சேர்த்து, நீலமோ சிவப்போ தோன்றுகிறதா என்று பார்த்தால் மாவும், மாவைச் சிதைத்துப் பெறும் டெக்ஸ்ட்ரினும் கலந்திருப்பது தெரிந்துவிடும். ஃபெரிக் குளோரைடு சேர்த்துக் கருமை தோன்றினால், மரப்பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் இருக்கிறது.

விளையும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். சூடானின் கொர்தொஃபான் பகுதியில், மழைக்காலம் முடிந்து இலை உதிரத் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், சுங்கி என்ற நீண்ட கைப்பிடி உள்ள கருவியால் கிளையின் பட்டையை நாடாவாக உரிக்கிறார்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் காயத்தின்மேல் பிசின் உருண்டு திரண்டு காய்கிறது. அதன்பிறகு சில வார இடைவெளியில் அதே காயத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுக்கிறார்கள். இவை பெரும்பாலும் சிறு உழவர்களின் நிலங்களில், தினையும் எள்ளும் மாறி மாறி விளையும் இடங்களில் நிற்கும் மரங்கள். மரத்தின் வயது, மண், மழை ஆகியவற்றைப் பொறுத்து மூலக்கூறு எடையும் புரத அளவும் மாறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; ஆகவே ஹஷாபிலேயே ஒரு பருவத்துச் சரக்கும் மறு பருவத்துச் சரக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

உலகத் தேவையில் பெரும்பங்கைச் சூடான் ஒன்றே தருகிறது; 1997-இல் அமெரிக்கா அந்நாட்டின்மீது வர்த்தகத் தடை விதித்தபோதுகூட இந்தக் கோந்துக்கு விலக்குக் கிடைத்தது. 2023 ஏப்ரலில் தொடங்கிய போரில் கோந்து வணிகத்தின் மையமான எல் ஒபெய்த் நகரமே நீண்ட முற்றுகைக்கு உள்ளானது. பட்டையை உரிப்பதும் பிசினைப் பொறுக்குவதும் அங்கே உயிரைப் பணயம் வைக்கும் வேலையாகிவிட்ட காலம் இது. சரக்கு எந்த வழியாக, எந்த நாட்டின் பெயரில் வெளியேறுகிறது என்பது குழம்பிப்போயிருக்கும்போது, உறையில் அச்சிட்ட விளைவிடத்தை நம்புவதைவிடச் சோதித்து அறிவதே நல்லது.


உணவுநுட்ப மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. போலாரிமீட்டர் எங்கள் வேதியியல் துறையில் இருக்கிறது. இந்த வாரமே அனுமதி கேட்கிறேன். மருந்துக் கடைப் பிசின் முழுதாகக் கரைந்தது, உப்பவில்லை. ஆனால் வடிகட்டிய பிறகும் கரைசல் தேநீர் நிறத்தில் இருந்தது. டானின் சோதனையையும் செய்து பார்க்கிறேன். மருத்துவ ஆய்வுகளைப் பற்றிய என் மூன்றாவது கேள்விக்கு யாரேனும் வழிகாட்டுவீர்களா?


பதில் 3: சிறுநீரக மருத்துவர்

அந்த ஆய்வுகளில் சில உண்மையிலேயே மதிக்கத்தக்கவை. ஆனால் அவற்றை உங்கள் முன்னுரையில் எதற்குச் சான்றாகக் காட்டப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக முடிவு செய்ய வேண்டும்.

நம் வயிற்றிலும் சிறுகுடலிலும் உள்ள நொதிகளால் அரபிக் கோந்தைச் செரிக்க முடியாது. அது பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களால் மெதுவாக நொதிக்கப்பட்டு, குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்களாக மாறுகிறது. 2008-இல் வெளியான ஒரு மனித ஆய்வில் நாளுக்கு 10 கிராம் கோந்து, நன்மை செய்யும் குடல் நுண்ணுயிர்களான பைஃபிடோபாக்டீரியா, லாக்டோபாசில்லஸ் ஆகியவற்றைப் பெருக்கியது தெரியவந்தது. நார்ச்சத்து என்ற தகுதி இதற்கு உண்டு; அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் 2021 இறுதியில் அதை ஏற்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் மறுமதிப்பீடு செய்தபோது, தினசரி உட்கொள்ளலுக்கு எண்ணளவில் வரம்பு விதிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தது.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, சூடானிலும் அண்டை நாடுகளிலும் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இந்தக் கோந்தைக் கரைத்துக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதை அறிவியல் முறையில் ஆராய்ந்தவற்றுள் 1996-இல் வெளியான ஒரு ஆய்வு முக்கியமானது. நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்புள்ள 16 பேர் புரதம் குறைந்த உணவோடு நாளுக்கு 50 கிராம் அரபிக் கோந்தை உட்கொண்டபோது, மலத்தின் வழியே வெளியேறும் நைட்ரஜன் கூடியது. இரத்தத்தில் யூரியா நைட்ரஜன் குறைந்தது. குடலில் பெருகும் நுண்ணுயிர்கள் தம் வளர்ச்சிக்கு யூரியாவின் நைட்ரஜனை எடுத்துக்கொள்வதே இதற்குச் சொல்லப்படும் காரணம். நைட்ரஜன் வெளியேற வேறொரு வாயில் கிடைக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது; பழுதான சிறுநீரகம் குணமானது என்று காட்டவில்லை. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பிசின் குடித்தால் டயாலிசிஸ் வேண்டாம் என்று நம்பி மருத்துவத்தை நிறுத்திவிடும் நோயாளிகளின் துயரத்தை அருகிலிருந்து பார்ப்பவன் நான். பொட்டாசியமும் கால்சியமும் கொண்ட பொருளை நாளுக்குப் பல பத்துக் கிராம் உட்கொள்வதைச் சிறுநீரக நோயாளி தன் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

கார்ட்டூமில் அரிவாள் செல் சோகை உள்ளவர்களுக்கு நாளுக்கு 30 கிராம் கோந்து கொடுத்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில் கருநிலை ஹீமோகுளோபின் (கருவில் இருக்கும்போது உடலில் மிகுந்திருக்கும் வகை) உயர்ந்ததாகக் கண்டார்கள். அந்த நோய் மிகுந்த நாட்டில், மலிவாகக் கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு இத்தகைய ஆய்வைச் செய்தவர்களின் முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதில் ஒப்பீட்டுக்கான போலி மருந்துக் குழு இல்லை. எனவே அது மேற்கொண்டு ஆராயத் தூண்டும் தொடக்கம் மட்டுமே.

இப்போது அளவைப் பாருங்கள். இந்த ஆய்வுகளில் நாளுக்கு 10, 30, 50 கிராம். ஒரு புட்டிக் குளிர்பானத்தில் நறுமணப் பால்மத்தின் வழியே சேரும் கோந்து அதனோடு ஒப்பிடவே முடியாத சிறு அளவு. ஆகவே உங்கள் பானம் குடலுக்கு நல்லது என்ற பொருள் தொனிக்கும்படி அந்த ஆய்வுகளைச் சேர்ப்பது முறையாகாது. சேர்பொருளாக இது பாதுகாப்பானது என்பதற்கு மட்டும் ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீட்டைச் சுட்டலாம். இன்னொன்று: இந்த மருத்துவ ஆய்வுகளைப் படிக்கும்போதும் கொடுத்தது செனகல் கோந்தா, சேயால் கோந்தா என்று பாருங்கள். அதைக் குறிப்பிடாத ஆய்வின் முடிவைக் கருவேலம் பிசினுக்கும் நீட்டிப் பேசுவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.


பதில் 4: பாலைநிலத் தாவரங்கள்

ஒரு துணைச்செய்தி. ஹஷாப் தரும் அதே அக்கேசியா செனகல் மரம் இந்தியாவிலும் இருக்கிறது. ராஜஸ்தானின் வறண்ட மாவட்டங்களில் அதைக் கூமட் என்கிறார்கள். அதன் விதையைச் சமைத்துச் சாப்பிடுவதும் அங்கே வழக்கம். அங்கு இயற்கையாக வடியும் பிசின் மிகக் குறைவு. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், தண்டில் துளையிட்டு எத்திஃபான் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியின் கரைசலைச் செலுத்திப் பிசின் சுரப்பைப் பன்மடங்கு உயர்த்தும் முறையை உருவாக்கி உழவர்களிடம் பரப்பியிருக்கிறது. தங்கை தன் ஆய்வில் இந்திய மாதிரி ஒன்றைச் சேர்க்க விரும்பினால், கருவேலத்தைவிடக் கூமட் பிசினைப் பெற்று ஒப்பிடுவது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இன மாறுபாடு அப்போது விலகிவிடும். நிலமும் பிசின் எடுத்த முறையும் மட்டுமே வேறுபாடாக எஞ்சும்.


கூட்டுச்சர்க்கரை வேதியியல்

கூமட் பற்றிய யோசனையை நானும் வழிமொழிகிறேன். கருவேலத்தை விட்டுவிடவும் வேண்டாம்; புரதம் குறைந்த பிசின் என்ன செய்கிறது என்பதற்கு அது நல்ல ஒப்பீடு. மூன்றையும் வைத்துக்கொண்டால் நைட்ரஜன் அளவை ஒரு அச்சிலும், பால்மத் துளியின் சராசரி விட்டத்தை மறு அச்சிலும் குறித்துப் பார்க்கலாம். துளியின் அளவைத் தயாரித்த அன்றே அளப்பதோடு நிறுத்தாமல், 60 டிகிரி வெப்பத்தில் மூன்று நாளும் ஏழு நாளும் வைத்திருந்தும் அளவிடுங்கள். நன்றாகத் தொடங்கி விரைவில் தளரும் பிசின்கள் அங்கேதான் வெளிப்படும். கரைக்கும்போது தூளைத் தண்ணீரில் சிறிது சிறிதாகத் தூவி, குளிர்நிலையில் இரவு முழுவதும் ஊறவிட்டு, நுரை அடங்கிய பிறகு வடிகட்டுங்கள். ஈரப்பதத்தைத் தனியாக அளந்து உலர் எடையின் அடிப்படையில் செறிவைச் சரிசெய்ய வேண்டும். கடைப் பிசினிலும் தெளித்துலர்த்திய தூளிலும் நீரின் அளவு ஒன்றாக இருக்காது.